கைமாறி வந்த வசன அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், என்னுடைய வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது, ஏணியில் ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது சண்டைக்கே வருகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்து நான் ஹலோ சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, அப்பா நல்லா இருக்காரான்னு நீ கேட்டு, அவருக்கென்ன, இருக்காருன்னு அவள் சொல்லி, போனை வைத்தும் விடுகிறாள். நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருந்துகொண்டே இருக்கிறேன். பேனாவை யாரும் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட அதன் சுவருக்கு வெள்ளை அடித்ததுதான் அதிகம். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த உறைக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கிறது. விஷயத்தைச் சொல்லாமல் அனுப்பினால் அழுக்கு அட்டை என்று நீ குப்பையில் போட்டுவிடுவாய்.

முதலில் நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். உன் அலுவலகத்தில் ஆளுயரத்துக்கு மரம், மரம் முழுக்க உருண்டை உருண்டையாக என்னென்னவோ தொங்குகிறது, நீ தலையில் சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாய். உன் பக்கத்தில் நிற்கிற அந்த ஒட்டடைக்குச்சி யார் என்று கேட்கச் சொல்லி உன் அம்மா, எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. படத்தில் மான் இருக்கிறது, பனி இருக்கிறது, பஞ்சுத் தாடி வைத்த தாத்தா இருக்கிறார், பிறந்தநாள்காரரைத்தான் எங்கு தேடியும் காணவில்லை. இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று அந்த ஒட்டடைக்குச்சியைக் கேட்டிருந்தால் மேனேஜருக்கு என்று சொல்லியிருப்பான் போலிருக்கிறது. எல்லாம் ஒண்ணுதான்பா, எல்லாரும் சந்தோஷமா இருந்தா போதாதா என்று நீ சொன்னதாக உன் அம்மா சொன்னாள். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்களாவது அவரைக் கூப்பிடாமல் கொண்டாடினீர்கள். நாங்கள் அவரை மைக் வைத்துக் கூப்பிட்டுவிட்டு, அவர் வந்தபோது உட்கார இடம் கொடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாய், உன் அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்வாள். பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்தார், என்னோடு பேசாமல் ரொம்ப நன்றாக இருந்தார். இப்போது முடிந்த கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸிலிருந்தே எங்களுக்குள் பேச்சு இல்லை. உன்னிடம் சொன்னால் அங்கிருந்து பஞ்சாயத்துக்குப் புறப்பட்டுவிடுவாய் என்று மறைத்தோம். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவர் மேல் ஒரே கம்பம், கம்பத்தில் வருஷா வருஷம் ஒரே நட்சத்திரம், இது நீ பிறப்பதற்கு முன்பே உள்ள ஏற்பாடு. கம்பியை வளைத்துக் கூடு செய்வது அவர் வேலை, வெல்டிங் பட்டறைக்காரர் அல்லவா. தாள் ஒட்டி நிறம் அடிப்பது என் வேலை, பெயின்டர் அல்லவா. அந்த முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் நீலம் அடித்தேன். ஒரு வீட்டு மாடிக்கு அடித்து மிஞ்சிய நல்ல நீலம், கெட்டுப் போகட்டும் என்று விட மனம் வரவில்லை. அவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, நட்சத்திரம்னா சிவப்புடா, இது என்ன தண்ணித் தொட்டி மாதிரி என்றார். அது என்ன நிறத்துல இருந்துச்சுன்னு வேதத்துல எங்க போட்டிருக்கு, காட்டு என்றேன். நீ என்னைக்குடா வேதத்தைத் திறந்த, நிறம் பேச வந்துட்ட என்றார். நீ திறந்தாப்புல தெரியல, முன்வரிசையில உக்காந்து தூங்குறதுதான் தெரியுது என்றேன். கம்பி என்னுது என்றார், தாள் என்னுது என்றேன். கடைசியில், பிறந்த குழந்தையைத் தேடி வந்த ஞானிகளுக்கு வழி காட்டிய நட்சத்திரத்தைக் கழற்றி, தாளைத் தனியாக உரித்து மடித்து என் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு, கூட்டை அவர் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சமாதானப் பிரபு பிறந்தநாளுக்கு நாங்கள் செய்த முதல் காரியம் இதுதான்.

உன் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதில் ஒரு கவலையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொல்லைப்பக்கமாக வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டும் குழம்பு மாற்றிக்கொண்டும்தான் இருந்தார்கள். உன் பெரியம்மா வைத்த குழம்பை நான் சாப்பிட்டுவிட்டு, இன்னைக்குத்தான் உனக்குக் கை பக்குவம் வந்திருக்கு என்று உன் அம்மாவைப் பாராட்டினேன், அவள் கரண்டியைக் கழுவினாள். அவரும் அந்தப் பக்கம் இதே பாராட்டைச் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. எதிரி வீட்டுச் சோற்றை இரண்டு பேரும் வயிறாரத் தின்றுகொண்டே விரோதமாக இருந்திருக்கிறோம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன ஆயிற்று என்று கேள். டிசம்பர் பிறந்த உடனே அவர் தன் பக்கம் வெறும் கூட்டைத் தொங்கவிட்டார், தாள் இல்லை, உள்ளே ஒரு பல்பு மட்டும். பார்ப்பதற்கு யாரோ நட்சத்திரத்தைத் தின்றுவிட்டு எலும்பைத் தொங்கவிட்டது போல இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, உன் அம்மா முதுகில் குத்தினாள். நான் சும்மா இருப்பேனா, என் பக்கம் தாளிலேயே நட்சத்திரம் வெட்டிச் சுவரில் ஒட்டினேன், கம்பி இல்லாமலும் நட்சத்திரம் நிற்கும் என்று அவருக்குக் காட்ட வேண்டாமா. விடிய விடியப் பனி பெய்து, காலையில் பார்த்தால் என் நட்சத்திரம் நனைந்த கைக்குட்டை மாதிரி சுருண்டு கிடக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. இருமல் இல்லை, அவர் சிரிப்பு எனக்குத் தெரியாதா. பாட்டுக்குழு வீடு வீடாக வந்தபோது நம் சுவருக்கு நேரே வந்து முழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தலைவர் நம் சபையில் எப்போதும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர், எல்லோரும் மைக்கு மைக்கு என்று கூப்பிட்டு அவர் பெயரே எனக்கு மறந்துவிட்டது. எந்த வீட்டு வாசல்ல நின்னு பாடணும் என்று அவர் கேட்டார். இங்க என்றேன் நான், இங்க என்றது அந்தப் பக்கத்துக் குரல். அவர்கள் பாவம் நடுவில் சாக்கடைப் பலகை மேல் நின்று பாடிவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்து ஞானிகள் மட்டும் நம் தெரு வழியாக வந்திருந்தால், எலும்பையும் கைக்குட்டையையும் பார்த்துவிட்டு ஒட்டகத்தை அப்படியே திருப்பியிருப்பார்கள்.

வருஷக் கடைசி நாள் சாயங்காலம் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் பண்ணுவோமே, உனக்கு நினைவிருக்கும், பெரியப்பா நீளமாக ஜெபம் பண்ணும்போது நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்த்துக் கண்ணடிப்பேன். இந்தத் தடவை அவரவர் வீட்டில். நாங்கள் பாட்டு எடுத்தோம், சுவருக்கு அந்தப் பக்கம் வேறு பாட்டு எடுத்தார்கள். நான் சுதியைக் கொஞ்சம் ஏற்றினேன், அந்தப் பக்கமும் ஏறிற்று. உன் அம்மா பாடுவதை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை, கடைசி அடியில் என் குரல் உடைந்து ஆடு கத்துவது போல ஆகிவிட்டது, ஆனாலும் முடித்தேன். துதிப் பாட்டில் யார் ஜெயித்தது என்று ஆண்டவரிடம் கேட்டிருந்தால் இரண்டு காதிலிருந்தும் கையை எடுத்த பிறகுதான் பதில் சொல்லியிருப்பார்.

புது வருஷக் காலையில் கோயிலுக்குப் போனோம். எல்லாருக்கும் புதுத்துணி, யாருடைய சேலை யாருடையதைவிட நல்லது என்று கண்ணாலேயே அளந்து முடிப்பதற்குள் பிரசங்கம் முடிந்துவிட்டது. ஆராதனை முடிவில் வசன அட்டைத் தட்டு வருமே, ஆளுக்கு ஒன்று எடுப்போம், எடுத்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்கிற வார்த்தை. நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா, பெருகுவாய், உயருவாய், வாசல் திறக்கும், இந்த மாதிரி வந்தால் அல்லேலூயா, வேறு மாதிரி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்வது. ஆண்டவர் தெரியாமல் கொடுத்துவிட்டார், நாம்தான் சரிபண்ண வேண்டும் என்பது போல. இந்த வருஷம் பாஸ்டர் அந்த நல்ல வசனங்களுக்கு நடுவில் ஒரே ஒரு முள்ளை வைத்துவிட்டார். காணிக்கை கொண்டுவந்து நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் வருத்தம் இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, அப்புறம் வா என்று நம் ஆண்டவர் சொல்வாரே, அந்த இடம். தட்டு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் வர வேண்டும். உன் பெரியப்பா சபைக்கு மூப்பர், அதனால் முன்வரிசை. நான் கதவோரம், கடைசி வரிசை, நேரத்தோடு வெளியே போக வசதி. தட்டு அங்கங்கே நின்று நின்று வந்தது, என்ன இவ்வளவு நேரம் என்று எனக்குப் பசி. நம் வரிசைக்கு வந்தபோது தட்டில் இரண்டே அட்டை. உன் அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தாள், முகம் ஒரு மாதிரி ஆயிற்று, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். ஆற்றோரத்து மரம் பற்றிய வசனம், நல்ல பச்சைப் பசேல் என்று. மிச்சம் இருந்தது எனக்கு. எடுத்து வாசித்துவிட்டு, மாத்திக்குவோமா என்று அவள் காதில் கேட்டேன். எங்க அண்ணன் என்கூட நல்லாத்தான் பேசுறான், எனக்கு எதுக்கு இது என்றாள்.

வெளியே வந்தால் வாசலில் மூலைக்கடை டெய்லர் சிரிக்கிறார், உங்ககிட்ட வந்து மாட்டிக்கிச்சா அது, எனக்குத்தான் முதல்ல வந்துச்சு, எனக்குக் கூடப் பிறந்தது எல்லாம் அக்காதான், சகோதரனே இல்லையே, அதான் திருப்பி வச்சுட்டேன் என்கிறார். மூன்று அக்காவோடும் அவர் பேசுவதில்லை என்பது வேறு விஷயம். அதற்குள் மைக்கு வந்து, ஐயையோ அதுவா, எனக்கும் வந்துச்சு, புது வருஷமும் அதுவுமா இப்படி ஒரு வசனமா, கமிட்டியில பேசி பாஸ்டர்கிட்ட சொல்லணும் என்றார். ஆக, அட்டை சபை முழுக்க நடந்து, யாருக்கும் பொருந்தாமல், கடைசியில் தட்டில் வேறு எதுவும் இல்லாததால் என்னிடம் வந்திருக்கிறது. நான் வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, கிரீஸ் அழுக்கு, ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடு யாருடையது என்று எனக்குத் தெரியாதா, பட்டறையில் தகடு வெட்டி ஆன தழும்பு. அன்றைக்குக் காலையிலும் பட்டறைச் சாமானைக் கழற்றிவிட்டு அப்படியே கோயிலுக்கு வந்திருக்கிறார் மனிதர், சோப்புப் போட்டாலும் போகுமா அது. டெய்லரும் மைக்கும் இரண்டாவது மூன்றாவதுதான், முதலில் எடுத்தவர் உன் பெரியப்பா. எடுத்து, பார்த்து, திருப்பி வைத்திருக்கிறார்.

மகளே, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவேன். புது வருஷத்துக்கு இதைவிட ஆசீர்வாதம் உண்டா. மூப்பர், முன்வரிசை, நீள ஜெபம், ஆண்டவர் நேராகக் கையில் கொடுத்த வசனத்தை வேண்டாம் என்று வைத்துவிட்டார், அத்தாட்சி என் சட்டைப்பையில். அட்டையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். வேலை செய்கிற இடத்தில் காட்டினேன், டெய்லரிடம் காட்டினேன், டீக்கடைக்காரரிடமும் காட்டினேன். அவருக்குக் கோயிலும் தெரியாது வேதமும் தெரியாது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். நல்லா இருக்கே, நீங்க எப்போ போகப் போறீங்க என்றார். எங்க என்றேன். இதுல போகச் சொல்லிப் போட்டிருக்கே என்றார். இல்ல, இது எங்க அண்ணனுக்கு வந்தது, பாருங்க ரேகை என்றேன். ரேகை அவரோடது, பை உங்களோடதா இருக்கே என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு டீயில் சர்க்கரை குறைவு போல எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் கண்ணாடி டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நம் டம்ளர் இல்லை. யாருடையது என்றேன். உங்க அண்ணி வீட்டுது, வண்டி நாளைக்கு வருது, ஒரு ஆளால சுத்தி முடியல என்றாள். என்ன வண்டி என்றேன். அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. பட்டறை இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், உன் அண்ணன், அதுதான் பெரியப்பா மகன், இனி இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம் என்று தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டானாம், அது பக்கத்து ஊர் இல்லை, ரயிலில் போய் இன்னொரு ரயில் மாற வேண்டும், திரும்பி வருகிற எண்ணம் இல்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை. ஏன் சொல்லல என்றேன். நீங்கதான் அந்த வீட்டுப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னீங்களே என்றாள். பிறகு கையில் இருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே, அவராவது அட்டையை வாங்கல, வச்சுட்டாரு, நீங்க வாங்கிப் பையில வச்சுக்கிட்டு ஊர்வலம் போறீங்க, ரெண்டுல எது பெரிசுன்னு எனக்குத் தெரியல என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனேன். மனம் மாறிப் போனேன் என்று நினைத்துவிடாதே. அவர் போவதற்குள் அந்த ரேகையை அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் யாரிடம் காட்டுவது என்றுதான் போனேன். சுவர் ஒன்றுதான், ஆனால் வாசல் வழியாகப் போனால் தெருவைச் சுற்றித்தானே போக வேண்டும், கால் என்னவோ முழங்கால் வலி என்று நின்று நின்று போயிற்று. உள்ளே எல்லாச் சாமானும் மூட்டை, சுவரில் படம் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அந்தச் சுவருக்கு நான்தான் நிறம் அடித்திருந்தேன். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். நான் அட்டையை நீட்டினேன், ரேகைப் பக்கம் மேலே தெரியும்படி. வாங்கிப் பார்த்தார். கடைசியில உன்கிட்டதான் வந்துச்சா என்றார், என்னவோ தபால் சேர்ந்துவிட்டது போன்ற சந்தோஷம் அவர் முகத்தில். என்ன வந்துச்சா, உனக்கு வந்ததை நீ ஏன் திருப்பி வச்ச என்றேன். எனக்கு வேண்டாம்னு யாரு சொன்னா, வாசிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு இது உனக்குன்னு, நேரா உன் கையில குடுக்க முடியுமா, பேச்சுதான் இல்லையே, தட்டுல வச்சா எப்படியும் பின்னால வரும்னு வச்சேன், அதுவரைக்கும் யாரும் எடுத்துடக்கூடாதேன்னு அங்கேயே ஜெபம் வேற பண்ணினேன் என்றார். அவர் ஜெபம் எவ்வளவு பலமுள்ளது பார். ஒரு சபையே அந்த வசனத்தைத் தொடாமல் என்னிடம் தள்ளிவிட்டது.

உன் ரேகை இருக்கு, வசனம் உனக்குத்தான் என்றேன். நான் மூத்தவன்டா, சின்னவன்தான் வரணும், அதான் முறை என்றார். வேதத்துல மூத்தவன் சின்னவன்னு எங்க போட்டிருக்கு, வருத்தம் யாருக்கு இருக்கோ அவன்கிட்ட மத்தவன் போகணும்னு போட்டிருக்கு என்றேன். எனக்கு வருத்தம் இருக்கு, அப்போ நீதான் வரணும் என்றார். எனக்குத்தான் வருத்தம், நீ வரணும் என்றேன். எனக்கு அதிகம் என்றார். அதை எப்படி அளக்கிறது என்றேன். உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் ஒரு வருஷம் கழிச்சுப் பேசுறீங்கன்னு சந்தோஷப்பட்டேன், டீ வேணுமா, இல்ல சண்டை முடிஞ்ச பிறகு போடட்டுமா என்று கேட்டார்கள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. பிறகு அவர், நீ வந்துட்டியே, விடு என்றார், கயிற்றைக் கீழே வைத்துவிட்டு. நான் என்ன சொன்னேன் என்று கேட்காதே, பேனா பிடிக்கத்தான் தெரியும், அதையெல்லாம் எழுதத் தெரியாது. முழங்கால் வலிக்கிறது என்று அந்தப் பெட்டியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி வந்தது, சாமான் எல்லாம் ஏறிற்று, அந்த நட்சத்திரக் கூடு மட்டும் ஏறவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், ஒரு முனை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. இங்கயே கிடக்கட்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, தாள் வச்சிருக்கியா என்றார். இருக்கு என்றேன். அவர்களுக்குச் சாயங்காலம்தான் ரயில். காலி வீட்டுத் தரையில் கூட்டைக் கிடத்தி, உன் அம்மா பசை காய்ச்ச, பெரியம்மா தாளைப் பிடிக்க, நான் ஒட்டினேன். நிறத்துக்குத்தான் பிரச்சினை, என்னிடம் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைதான் இருந்தது. தண்ணீர் விட்டு நீர்க்கக் கலக்கி அதையே அடித்தேன். பச்சையா என்றார் அவர். வேதத்துல போட்டிருக்கா என்று கேட்கப் போகிறார் என்று பார்த்தேன், கேட்கவில்லை, ஓரத்துல விட்டுட்ட பார் என்று இடம் காட்டினார். இருட்டுவதற்கு முன்னால் கம்பத்தில் ஏற்றினோம், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறினேன். பல்பைப் போட்டதும் தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், எல்லா வீட்டிலும் நட்சத்திரத்தை இறக்கிப் பரணில் போட்ட பிறகு இந்த வீட்டில் ஏற்றுகிறார்கள், அதுவும் ஆஸ்பத்திரிப் பச்சையில். அவர் ஏணி அடியிலேயே நின்று ஜெபம் பண்ணினார். பழைய நீளம்தான், ரயிலுக்கு நேரமாயிற்று என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அதற்கும் சேர்த்து ஆமென் சொன்னோம். நான் நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தேன், கண்ணடிக்க நீ இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்து நன்றாக இருக்கிறார்கள். அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை, அந்தப் பக்கம் இருமல் இல்லாமல் சுவரே பெரிதாகிவிட்டது போல இருக்கிறது. நட்சத்திரத்தை இன்னும் இறக்கவில்லை. போன ஞாயிறு பாஸ்டர் வந்து, சீசன் முடிஞ்சுபோச்சே ஐயா என்றார். ஞானிகளும் பிறந்த அன்னைக்கேவா வந்து சேர்ந்தாங்க, லேட்டாத்தானே வந்தாங்க, அதுவரைக்கும் நட்சத்திரத்தை யாரும் இறக்கலையே என்றேன். அவர் உன் அம்மா கொடுத்த கேக்கை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார். வசன விஷயத்தில் கமிட்டி அவரைக் கூப்பிட்டுப் பேசியதாம், அடுத்த வருஷம் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி நல்ல வசனமாகப் பார்த்துப் போடச் சொன்னார்களாம். போடுறேன்னு சொல்லிட்டேன், எது பொருந்தும்னு நான் பார்த்துக்கிறேன் என்று சிரித்தார்.

நீ அந்த ஊரில் கோயிலைத் தேடிப் போ, தூரம் என்று சாக்குச் சொல்லாதே, சினிமாவுக்கு எத்தனை பஸ் மாறிப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, தட்டு அங்கேயும் வந்து சேரும் என்று உன் அப்பனுக்குத் தெரிந்துவிட்டது. மரம் வை, தொப்பி போடு, கேக் வெட்டு, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வெட்டுவதற்கு முன் பிறந்தநாள்காரர் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல், அந்த ஒட்டடைக்குச்சி காதிலும் விழட்டும். சாயங்கால ஜெபத்தை விட்டுவிடாதே, சின்னதாக இருந்தாலும் போதும், நீளமாகப் பண்ண நம் குடும்பத்தில் ஆள் இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வை, இரவில் படியில் ஓடாதே, உன் அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டை அழகாக இல்லை என்று பெட்டியில் போட்டிருப்பாய், எடுத்துப் போடு. நம்மைத் தேடிக் கீழே இறங்கி வந்த ஆண்டவர் நீ போகும்போதும் வரும்போதும் உன்னோடு இருக்கட்டும், இந்தப் புது வருஷத்தில் உன் மனதுக்குச் சமாதானமும் உடம்புக்குச் சுகமும் தரட்டும், உன் பேச்சுத் துணைக்கு நல்ல மனிதர்களைத் தரட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உறைக்குள் இருக்கும் அட்டையை மறந்துவிடாதே, பத்திரமாக வை, அழுக்கு என்று துடைத்துவிடாதே. கறுப்பு ரேகை உன் பெரியப்பாவுடையது, பக்கத்தில் பச்சை ரேகை என்னுடையது, நட்சத்திரத்துக்கு நிறம் அடித்த கையோடு அவரிடமிருந்து திரும்ப வாங்கினேன். வசனம் யாருக்கு வந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை, அதைப் பேசித் தீர்ப்பதற்காகவே அவர் அடிக்கடி போன் பண்ணுகிறார், அந்தப் போனை மட்டும் உன் அம்மா பிடுங்குவதில்லை. உனக்கு அங்கே யாரோடாவது பேச்சு நின்று போயிருந்தால் அட்டையை எடுத்துப் பார், பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளாதே. தள்ளினாலும் சுற்றிக்கொண்டு உன்னிடமேதான் வரும்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் அன்பு அப்பா